ஒன்றரை அங்குலம்

முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவருக்கு டிப்போவில் வைத்த பட்டப்பெயர் ஸ்பீடு பிரேக்கர். நூறடி தள்ளி ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தாலே பிரேக்கில் கால் வைத்துவிடுவார். நாளடைவில் ஸ்பீடு உதிர்ந்துபோய் பிரேக்கர் மட்டும் நின்றது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் கடைத்தெருவில் அந்தப் பெயர்தான். அவருக்கு அதில் வருத்தமில்லை. அத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் போய் மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தாள். சாதாரண வண்டியாக இருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். இது இருநூறு சிசி என்று பெயர்தானே ஒழிய, நின்றால் ஒட்டக உயரம். கம்பி வைத்த பெரிய முன்சக்கரம், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், என்ஜினுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை குனியாமலே போகலாம். தார் போட்ட சாலையிலும் போகும், சாலை தீர்ந்துபோன பிறகும் போகும். அந்தப் பின்பாதிக்காகத்தான் அவள் வாங்கினாள். நீரளவு அலுவலகத்தில் வேலை. மலைமேல் மூன்று இடங்களில் மழைமானி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஏறிப் போய் அளவு குறித்துக்கொண்டு வர வேண்டும். அலுவலக ஜீப் படுத்து மூன்று வருடமாகிறது. புது ஜீப் வரும் வரும் என்கிறார்கள், வந்தபாடில்லை.

வண்டி ஒட்டகம் என்றால் மகள் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சிக்னலில் நின்றால் இடுப்பை இடப்பக்கம் சரித்து, இருக்கையின் ஓரத்துக்கு வந்து, ஒற்றைக் கால் விரல்நுனியில் அத்தனை எடையையும் தாங்கிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது அதை அவர் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்துவிட்டார். கையில் இருந்த பை கீழே விழுந்தது. தக்காளி நாலாபக்கமும் உருண்டது, பொறுக்கத் தோன்றவில்லை. அன்று போன தூக்கம் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கட்டை விரல்தான்.

"இரண்டு சக்கரம்னா அது பாதி வண்டி. மீதிப் பாதி நம்ம காலுதான். அந்தக் காலே தரைக்கு எட்டலேன்னா?" என்று மனைவியிடம் புலம்பினார்.

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் சொன்னாள், "எட்டாத கால வெச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாளா போயிட்டு வரா. நீங்க உங்க கால கொஞ்சம் சும்மா வெச்சுக்கிட்டு இருங்க."

சும்மா இருக்க முடிந்திருந்தால் அவர் பிரேக்கர் ஆகியிருக்க மாட்டார்.

மகள் இரண்டு நாள் பயிற்சி என்று வெளியூர் போனாள். வண்டி வீட்டில் நின்றது. அவள் ஏறிய பேருந்து தெருமுனை திரும்பியதும் இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். "சர்வீஸுக்கு" என்றார். மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். அவருக்கு இரு சக்கர வண்டி ஓட்டத் தெரியாது. அரை மைல் தூரம் மூச்சு வாங்கத் தள்ளினார், இரண்டு இடத்தில் வண்டி அவரையே தள்ளிவிடப் பார்த்தது.

மெக்கானிக் விவரமான ஆள். பின்பக்க ஷாக்கைத் தாங்கும் இணைப்புப் பட்டையைக் கழற்றி நீளமான ஒன்றை மாட்டினார். முன் ஃபோர்க்குகளையும் அதற்குத் தக்கபடி மேலே நகர்த்தி முறுக்கினார். இரண்டு மணி நேரத்தில் ஒட்டகம் இரண்டு அங்குலம் குனிந்தது. ஆனால் வேலை முடிந்ததும் அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, வண்டி எறங்கிடுச்சு. சைடு ஸ்டாண்டு அதே நீளம்தான் இருக்கு. இப்ப நிறுத்தினா சாயாது, நட்டமா நிக்கும். லேசா மேடுபள்ளம்னா அந்தப் பக்கமா கவுந்துடும். ஸ்டாண்டுல ஒன்றரை அங்குலம் வெட்டி ஒட்டணும். வெல்டர் இன்னிக்கு லீவு. நாளைக்குக் கொண்டாங்க."

"நாளைக்குக் கொண்டாறேன்" என்றார் பிரேக்கர்.

மறுநாள் காலையிலேயே மகள் வந்து நின்றாள். பயிற்சி ஒரு நாளில் முடிந்துவிட்டதாம். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் ஒரு கணம் கீழே பார்த்தாள். "சீட்டு கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கே" என்றாள். "பழகப் பழக அமுங்கத்தானே செய்யும்" என்று இவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து பதில் சொன்னார். அவள் சாவியைத் திருகிக் கிளம்பிப் போனாள். காரியம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிட்டது என்று அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. அன்று இரவு படுத்ததுதான் தெரியும்.

ஸ்டாண்டு மட்டும் பாக்கி. வண்டியை மறுபடி கொண்டுபோக வேண்டுமென்றால் மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். வாசலில் வண்டி தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பையனைப்போல விறைப்பாக நிற்பதைத் தினமும் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். சமதளம், ஒன்றும் ஆகவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கணக்கெடுப்பு, அவள் மலைக்குப் போகவில்லை. எட்டு நாள் இப்படியே ஓடிவிட்டது. ஒன்றும் ஆகாத எட்டு நாளில் மனிதனுக்கு எவ்வளவு தைரியம் வந்துவிடுகிறது!

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கே மகள் மலைக்குக் கிளம்பிவிட்டாள். பதினோரு மணிக்குத் தேநீர்க் கடையில் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"அண்ணே, ஸ்டாண்டு வெட்டியாச்சா? வேற யார்கிட்டயாவது குடுத்துட்டீங்களா?"

"இல்லப்பா... அப்படியே ஓடுது."

மெக்கானிக்கின் தம்ளர் பாதி வழியில் நின்றது. "பாப்பா எங்க இப்ப? மலையிலயா? என்னண்ணே நீங்க! போன வருஷம் ஒருத்தர் இதே மாதிரி எறக்கிட்டு, ஸ்டாண்ட அப்படியே விட்டுட்டாரு. சரிவுல நிறுத்திட்டு அந்தப் பக்கம் போய் நின்னாரு, வண்டி அப்படியே காலு மேல விழுந்துடுச்சு. நூத்தம்பது கிலோ. சாயங்காலம் விறகு பொறுக்க வந்தவங்க பார்த்துத்தான் தூக்கினாங்க."

பிரேக்கர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு விரைந்தார். மகளுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி போட்டார், அதே மரியாதை. வழக்கமாகப் பன்னிரண்டுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆனது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"என்ன பண்ணி வெச்சீங்க?" என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

அவர் சொன்னார். அவள் திட்டவில்லை. மெஷினை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்தாள். அவள் திட்டாமல் விட்டதுதான் அவரை மேலும் பயமுறுத்தியது.

மலையடிவாரம்வரை போகும் பேருந்து அவர் பத்து வருடம் ஓட்டிய தடம். ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். வழி முழுவதும் இல்லாத பிரேக்கை வலக்காலால் அழுத்திக்கொண்டே வந்தார், ஆனால் இந்த ஒரு தடவை வண்டி இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்றும் மனம் அடித்துக்கொண்டது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும் பாடாக இருந்தது.

கடைசி நிறுத்தத்தோடு தார் முடிகிறது. அங்கிருந்து மண்பாதை. இரண்டு நாளுக்கு முன் பெய்த மழையில் மண் பதமாக இருந்தது, பல் டயரின் தடம் அச்சுக் குத்தினாற்போல மேலே போனது. மேலே போன தடம்தான் இருந்தது, இறங்கிய தடம் இல்லை. இன்னும் மேலேதான் இருக்கிறாள். அவர் நடந்தார். அறுபது வயதுக்கு அது நடையில்லை, ஓட்டமும் இல்லை.

முதல் மழைமானி, கம்பி வேலிக்குள் நிற்கும் உருளை. அதன் பக்கத்தில் டயர் தடம் நின்றிருந்தது. தடத்துக்கு இடப்புறம் தரையில் ஒரு சின்னக் குழி, உள்ளங்கை அகலத்துக்கு, புதிதாகத் தோண்டியது. ஏதோ பிராணி பறித்திருக்கும் என்று தாண்டிப் போனார். வழியில் ஓரிடத்தில், அவள் தண்ணீர் குடிக்க நின்றாளோ என்னவோ, மறுபடி ஒரு குழி, அதே இடப்புறம். இரண்டாவது மழைமானியிலும் ஒரு குழி. இப்போது அவர் குனிந்து பார்த்தார். குழிக்குள் ஈரமண்ணில் ஸ்டாண்டின் பாதம் தட்டையாகப் பதிந்திருந்தது. சுற்றிலும் பூட்ஸ் குதிகாலால் கெல்லிய தடம்.

அவருக்குச் சட்டென்று விளங்கியது. ஸ்டாண்டு நீளமாக இருந்தால் தரையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதுதானே. நிற்கும் இடத்தில் எல்லாம் ஒன்றரை அங்குலம் தோண்டி, ஸ்டாண்டை அதில் இறக்கி, வண்டியைச் சாய வைத்திருக்கிறாள்! வயிற்றில் பால் வார்த்தது. குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நம் பெண் நம்மைவிட விவரம் என்று தோன்றியபோது கண் கலங்கியது. தோண்டியிருக்கிறாள் என்றால் எல்லாமே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த எண்ணத்தை மட்டும் மேலே தொடர விடாமல் எழுந்து நடந்தார்.

அந்த நிம்மதி இருநூறு அடி தாங்கியது. பாதையின் குறுக்கே படிபோல ஒரு பாறை. தடம் அதன் மேல் ஏறிப் போயிருந்தது. பாறையின் விளிம்பில் வெள்ளையாக நீளமாக உலோகம் உரசிய கோடு. அதற்கு அப்பால் கறுப்பாக ஒரு சொட்டு. தொட்டு முகர்ந்தார். என்ஜின் ஆயில்.

முப்பத்தொரு வருட ஓட்டுநருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியை இரண்டு அங்குலம் இறக்கினால் என்ஜினும் இரண்டு அங்குலம் இறங்கும். அவர் மகளின் காலைத்தான் பார்த்தார், என்ஜினின் வயிற்றைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டை மறந்தது சோம்பல், பயம். இது அதைவிட மோசம், ஓட்டுநருக்கு வரவே கூடாத தப்பு.

ஐந்தடிக்கு ஒரு சொட்டு. பிறகு மூன்றடிக்கு. பிறகு கோடாகவே ஆகிவிட்டது. ஆயில் பின்சக்கரத்தில் பட்டால் வழுக்கும், என்ஜின் இறுகினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது. கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருந்தால் தேவலை.

வளைவைத் திரும்பினார். பாதையோரத்தில் வண்டி படுத்துக் கிடந்தது. ஹெல்மெட் தனியாக ஒரு கல்மேல் இருந்தது. மகளைக் காணவில்லை.

"பாப்பா!" என்று கத்தினார். குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது, வேறு எதுவும் வரவில்லை. சரிவின் ஓரத்துக்கு ஓடி எட்டிப் பார்த்தார். புதரும் கல்லும்தான். திரும்ப ஓடி வந்தார். வண்டிக்கு அடியில் அவள் இல்லை என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, கைதான் நம்பவில்லை. கைப்பிடியைப் பற்றி மூச்சைப் பிடித்து இழுத்தார். இடுப்பில் ஏதோ சுளீர் என்றது. வண்டி முழங்கால் உயரத்துக்கு எழும்பியது.

"ஐயோ, நிமித்தாதீங்க! ஒழுகும், ஒழுகும்!"

மேலேயிருந்து மகள் இறங்கி ஓடி வந்தாள். ஒரு கையில் நோட்டுப் புத்தகம், இன்னொரு கையில் மழைநீர் அளக்கும் கண்ணாடிக் குழாய். கை, கால், தலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிரேக்கர் கைப்பிடியை விட்டார். வண்டி மறுபடி பொத்தென்று படுத்தது.

"அப்பா? நீங்க எப்படி இங்க?"

அவர் வண்டியைக் காட்டினார்.

"நான்தான் படுக்க வெச்சேன். வலப்பக்கம் அடியில கீறல் விட்டிருக்கு. இப்படி இடப்பக்கமாப் படுக்க வெச்சா ஆயில் ஒழுகாது. மூணாவது மானி இன்னும் பாக்கி இருந்துச்சு, அளவு எடுக்காம வர முடியுமா? அங்க வரைக்கும் நடந்து போயிட்டு வரத்தான் இவ்வளவு நேரம்." அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உக்காருங்க முதல்ல. மூச்சு வாங்குது பாருங்க."

அவர் உட்காரவில்லை. "நான்தான்மா எறக்கினேன்" என்றார். "நீ ஊர்ல இல்லாதப்ப மெக்கானிக்கிட்ட கொண்டுபோய்..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"உக்காந்த உடனே. ரெண்டு காலும் தரைக்கு எட்டுது. ஒரு ராத்திரியில எனக்குக் கால் வளருமாப்பா?"

கருவிப் பையைத் திறந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்தாள். கீறலைத் துணியால் துடைத்துவிட்டு, அதன்மேல் சோப்பை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். தலைமுடி அளவு கீறல், சோப்பு அதற்குள் போய் அடைத்துக்கொண்டது.

"இந்தப் பாறை மேல எத்தனையோ தடவை ஏறியிருக்கேன். தொட்டதே இல்ல." குற்றம் சொல்லும் குரலாக இல்லை, மழை அளவைச் சொல்லும் குரலாகத்தான் இருந்தது. அதனாலேயே அவருக்கு நேராக நெஞ்சில் போய் இறங்கியது.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? அன்னிக்கே திட்டியிருக்கலாமே. நானே திரும்ப ஏத்தி வெச்சிருப்பேன்."

அவள் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு ராத்திரி நீங்க குறட்டை விட்டீங்க. மூணு மாசத்துக்கு அப்புறம். நானும் அம்மாவும் முழிச்சிருந்து கேட்டுக்கிட்டே இருந்தோம். எப்படிச் சொல்றது? சரி, குழி தோண்டிக்கலாம்னு விட்டுட்டேன்."

பிரேக்கர் பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூங்க வைப்பதற்காக இந்தப் பெண் கல்லிலும் மண்ணிலும் என்ஜினை உரசிக்கொண்டு போயிருக்கிறாள். மலை முழுக்கக் குதிகாலால் குழி பறித்துக்கொண்டு போயிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதோடு கூடவே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது.

சோப்பு அடைத்தாலும் உள்ளே மிஞ்சிய ஆயில் போதாது, என்ஜினைப் போடக் கூடாது. அவள் வண்டிக்கு முதுகைக் கொடுத்து, இருக்கையில் இடுப்பை முட்டி, கால்களால் உந்தி ஒரே மூச்சில் நிமிர்த்தினாள். அவர் ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. "எறக்கம்தானே, நியூட்ரல்ல உருட்டிக்கிட்டே போயிடலாம். பின்னால ஏறுங்க" என்றாள்.

"நியூட்ரல்லயா! மலை எறக்கத்துல நியூட்ரல் போட்டவன் வீடு போய்ச் சேர்ந்ததா சரித்திரமே கிடையாது."

"அது பஸ்ஸுக்கு. என்ஜின் நின்னா உங்களுக்குக் காத்து பிரேக் போயிடும். இதோட பிரேக்குக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்ல. ஏறுங்கப்பா."

ஏறினார். மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. என்ஜின் சத்தமே இல்லாமல் வண்டி இறங்கியது. கல் நெரிபடும் ஓசையும் அவருடைய பல் ஒன்றோடொன்று மோதும் ஓசையும்தான். வலக்கால் தானாக அழுத்தியது. அவர் அழுத்தும் இடத்தில் எல்லாம், என்ன ஆச்சரியம், அவளும் அழுத்தினாள். ஒரு வளைவில்கூட அவள் அவரைவிட அரை நொடி தாமதிக்கவில்லை. பாறைப் படியில் இருவரும் இறங்கினார்கள். அவர் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, அவள் மெதுவாக உருட்டி இறக்கினாள். அப்படியும் அடிவயிறு பாறையில் கிரீச்சென்று உரசியது. அந்தச் சத்தம் அவர் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

தார் தொடங்கும் இடத்தில் போனுக்கு உயிர் வந்தது. முதலில் வீட்டுக்குப் பேசினாள். பிறகு மெக்கானிக்குக்கு. லோடு வண்டி எடுத்துக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

"அந்தப் பட்டையையும் பழசையே எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார் பிரேக்கர். "மேல ஏத்திடலாம்."

மகள் போனைக் கீழே இறக்கினாள். "அப்புறம் நீங்க தூங்க மாட்டீங்களேப்பா."

"மாட்டேன்தான். முப்பத்தொரு வருஷமா நான் முழிச்சிருந்துதான் வண்டியில இருந்தவங்க தூங்கினாங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக்காத."

அவள் சிரிக்கவில்லை. போனைக் காதில் வைத்து, பழைய பட்டையைக் கொண்டுவரச் சொன்னாள்.

வண்டியை நிறுத்த இடம் பார்த்தாள். காலடியில் தார், அதுவும் சரிவு, குதிகாலால் தோண்ட முடியாது. "அந்த நிழற்குடைத் தூண்ல சாய்ச்சு வெச்சிடலாம்" என்றாள். பிரேக்கர் தூணைப் பார்த்தார். அவருடைய பேருந்து பத்து வருடம் வந்து நின்ற அதே நிழற்குடை, அதே தூண். என்ன இருந்தாலும் அதன்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"நான் பிடிச்சுக்கறேன். நீ போய் உக்காரு."

"ஒரு மணி நேரமாவா?"

"போம்மா."

போனாள். காலையிலிருந்து ஏறி இறங்கிய உடம்பு, பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பூட்ஸ் குதிகால் இரண்டிலும் மண் அப்பிக் காய்ந்திருந்தது. வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது, இடுப்பு விண்ணென்று வலித்தது. அவர் காலை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி நின்றார்.